இறங்கும் இடம்

மட்டக்களப்பின் தேற்றாத்தீவில் ஒரு சிறிய மாதிரி ரொக்கெட்டை ஏவினால் அது எங்கே போய் விழும் என்பதைக் கடதாசியிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே, களுதாவளையை அடுத்து, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கிற எழுவான்கரை நிலம் அது. கடற்கரையிலிருந்து வாவிக்கரைக்கு நடந்தே போய்விடலாம். நடுவால் கல்முனை வீதி ஓடுகிறது. அமெரிக்காவில் பெட்டியில் போட்டு விற்கிற சாதாரண மாதிரி ரொக்கெட் ஒன்று, கடதாசிக் குழாய், பல்சா மரச் செட்டைகள், பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்துச் செருகிய 30 சென்ரிமீற்றர் பரசூட், மோட்டார் எல்லாம் சேர்ந்து அறுபது கிராம் அளவில்தான் நிறுக்கும். அதற்குப் பொருந்துகிறவற்றில் வலிய மோட்டாரைப் போட்டால் 300 மீற்றர் வரை ஏறும். அங்கிருந்து செக்கனுக்கு நான்கு மீற்றர் வீதம் இறங்கினால் தரை தொட 75 செக்கன் வேண்டும். கச்சான் என்ற மேல்காற்று வீசுகிற மாதத்தில் காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு ஆறு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த 75 செக்கனுக்குள் அது 450 மீற்றர் கடல் பக்கமாக நகர்ந்துவிடும். வாடைக் காலத்தில் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வாவிப் பக்கம். இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்பு, ஓட்டுக் கூரை, பிரதான வீதி. அமெரிக்கப் புல்வெளிக்காக வரையப்பட்ட ஒரு பொருளை இந்த நிலத்தில் வைத்துப் பார்த்த உடனேயே அதன் உண்மையான பிரச்சினை வெளியே வந்துவிடுகிறது. அதை மேலே அனுப்புவது எளிது. பத்திரமாக, எதிர்பார்த்த இடத்தில், மறுபடி ஏவக்கூடிய நிலையில் திருப்பிப் பெறுவதுதான் கடினம். மாதிரி ரொக்கெட் ஒரு மாணவருக்குக் கற்றுக் கொடுக்கக்கூடியதில் பெரும்பங்கு இந்தத் திரும்பி வருதலில்தான் இருக்கிறது என்பதும், அப்படியானால் வெடிமருந்து இல்லாமலே அதைக் கற்கலாம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்பதே இதற்கு முதற் சான்று. நெப்ராஸ்கா மாநிலத்தின் நோர்போக் என்ற சிறுநகரில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர், வாணவேடிக்கையில் நல்ல கைதேர்ந்தவர். மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்ட சகோதரர் ரொபேட்டுக்காக 1954இல் கடதாசியாலும் மரத்தாலும் ஒரு ரொக்கெட் செய்தார். உலோகம் கிடையாது, மோட்டாரை மாற்றி மாற்றிப் போடலாம், உச்சியில் பரசூட் விரியும். நியூ மெக்சிகோவின் வைட் சான்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹரி ஸ்டைன் 1957இன் தொடக்கத்தில் ரொக்கெட் பாதுகாப்பு பற்றி ஒரு சஞ்சிகைக் கட்டுரை எழுத, அதைப் படித்த கார்லைல் தம் மாதிரிகளை அவருக்கு அனுப்பினார். அந்த ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி ஸ்புட்னிக் பறந்தது. அதன் பிறகு அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டுக் கொல்லைகளில் நாகத் தூளையும் கந்தகத்தையும் கலந்து இரும்புக் குழாயில் அடைத்துக் கொளுத்தத் தொடங்கினார்கள். விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் உண்டு. ஸ்டைன் கண்ட தீர்வு, பிள்ளையிடமிருந்து ரொக்கெட்டைப் பறிப்பதாக இருக்கவில்லை. ரொக்கெட்டை இரண்டாகப் பிரித்தார். எரிகிற பகுதி தொழிற்சாலையில் செய்யப்பட்டு மூடிய குழாயாக வரும். மற்றதெல்லாம் பிள்ளையின் கைவேலை. டென்வரின் வாணத் தொழில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த வேர்ன் எஸ்டஸ் அந்தக் குழாய்களைத் தானாகவே அடைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து, 1959இல் ஓட வைத்தார். சில செக்கனுக்கு ஒரு மோட்டாராக அது தள்ளியது. அந்த இயந்திரத்துக்கு மேபல் என்று பெயர்கூட வைத்திருந்தார்கள்.

அந்தக் குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது சுவையான ஒழுங்கு. கீழே களிமண்ணால் இறுக்கிய ஒடுங்கிய வாய், அதன் மேல் உந்தும் கருமருந்து, அதற்கு மேல் உந்தாமல் புகைந்துகொண்டு மட்டும் எரியும் ஒரு படை, உச்சியில் முன்பக்கமாக வெடித்துப் பரசூட்டை வெளியே தள்ளும் சிட்டிகை மருந்து. மேலே எழுதியிருக்கும் குறியீடு 'சி6-5' என்றால், மொத்தக் கணத்தாக்கு 5க்கும் 10க்கும் இடைப்பட்ட நியூட்டன் செக்கன். சராசரி உதைப்பு 6 நியூட்டன். உந்தல் முடிந்தபின் பரசூட் வெளிவரும் வரை 5 செக்கன். கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். ரொக்கெட்டை மேலே உந்துவது முதலிரண்டு செக்கனோடு முடிந்த கதை. அதன் பிறகு அது வெறும் எறியம். ஐந்து செக்கன் காத்திருப்பு சரியாக அமைந்தால் உச்சியில், கிட்டத்தட்ட அசைவற்ற கணத்தில், பரசூட் விரியும். குறைந்தால் வேகத்தில் விரிந்து நூல் அறும். கூடினால் மூக்குக் குப்புற வருகிற குழாயில் விரிந்து கடதாசி கிழியும். ஆகவே அந்த மோட்டாருக்குள் அடைத்து விற்கப்படுவதில் பாதி மேலே போவதற்கு, பாதி திரும்பி வருவதற்கு. கடினமான இரண்டாவது பாதியையும் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிடுகிறது என்பது பெட்டி ரொக்கெட்டின் வசதி. அதுவே அதன் குறையும்கூட. இதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டைனின் தீர்வுக்கு எதிராக இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வரும். ஒன்று, ஆபத்தை எடுத்துவிட்டால் விஞ்ஞானி எப்படிப் பிறப்பான் என்ற வீரவாதம். மேற்கு வேர்ஜினியாவின் கோல்வூட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கமும் நண்பர்களும் தாங்களே எரிபொருள் கலந்து ரொக்கெட் விட்டு, 1960இல் தேசிய விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு வாங்கிய கதையை நூலாகவும் படமாகவும் உலகம் கொண்டாடியது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லத் தப்பிப் பிழைத்தவர் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. அவர்களை உயர்த்தியதும் தீயல்ல. குழாயின் வாய் எந்த வளைவில் ஒடுங்கி விரிய வேண்டும் என்று கணிக்க நுண்கணிதம் படித்ததும், சுரங்கப் பட்டறைத் தொழிலாளர் அந்த வளைவை உலோகத்தில் கடைந்து கொடுத்ததுமே. மற்றக் கேள்வி இதைவிடக் கனமானது. தொழிற்சாலையில் செய்தால் ஆபத்து போய்விடுமா, இடம் மாறுமா? மேபல் போன்ற இயந்திரம் சுவருக்கு அப்பால் நின்று அடைக்கும்போது ஆள் இல்லை. சிவகாசிப் பக்கத்தில் கருமருந்தை இன்னும் பெரும்பாலும் மனிதக் கைகளே கையாளுகின்றன. 2012 செப்டெம்பர் 5ஆம் திகதி முதலிப்பட்டியில் ஒரே பட்டாசுத் தொழிற்சாலை வெடித்ததில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலிவான உள்ளூர் மோட்டார் ஒன்று சந்தைக்கு வந்தால் அதை அடைத்தது எந்தக் கை என்று கேட்காமல் அதைப் பாதுகாப்பான விளையாட்டு என்று அழைப்பது நேர்மையாகாது. அமெரிக்கப் பிள்ளையின் விரலைக் காப்பாற்றியது இயந்திரம். இயந்திரம் இல்லாத இடத்தில் அந்த விரலுக்குப் பதில் இன்னொருவருடைய விரல்.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். இலங்கையில் வெடிமருந்து அடங்கிய எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுவரவோ வைத்திருக்கவோ முடியாது. 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் அப்படி. ஆனால் சட்டத்தைவிட இங்கே ஆழமாகக் கிடப்பது நினைவு. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் உலர் பற்றரி, உரம், அலுமினியம் போன்ற சாதாரணப் பொருட்களே சோதனைச் சாவடியில் சந்தேகப் பொருட்களாக இருந்தன. ரொக்கெட் என்ற சொல்லை இந்தப் பகுதியின் ஒரு தலைமுறை விண்வெளியோடு சேர்த்துக் கேட்டதில்லை. பல்குழல் எறிகணையோடு சேர்த்தே கேட்டது. போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் பாடசாலை பாடசாலையாக வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, மண்ணில் கிடக்கும் தெரியாத குழாயைத் தொடாதே, எடுக்காதே, எறியாதே என்பது. நாட்டிலேயே முதலாவதாகக் கண்ணிவெடி அற்ற மாவட்டம் என்று மட்டக்களப்பு அறிவிக்கப்பட்டது 2017இல்தான். இரண்டு ஆண்டு கழியவில்லை, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். இத்தனைக்குப் பிறகு ஓர் ஆசிரியர் கையில் குழாயோடும் திரியோடும் வகுப்புக்குள் நுழைந்து இது விஞ்ஞானம் என்று சொன்னால், தாய்மார் முகம் சுளிப்பதை மூடநம்பிக்கை என்று யார் சொல்ல முடியும்? எந்த விஞ்ஞான ஆர்வத்தையும் முன்வைத்து இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது என்றே கருதுகிறேன். மறுப்பு சொல்வது, தீயை வகுப்பறைக்குள் கொண்டுவராதே என்பது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டபின் என்ன மிஞ்சுகிறது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

மிஞ்சுவது ஒரு சோடாப் போத்தல், அரை லீற்றர் தண்ணீர், ஒரு சைக்கிள் பம். ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, வால்வு பொருத்திய தக்கையால் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் வரை காற்றடித்து, தள்ளி நின்று கயிற்றை இழுத்தால் தக்கை விடுபடும். தண்ணீர் கீழே பாயும். போத்தல் மேலே போகும். இதைக் கேலியாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அந்த அமுக்கத்தில் தண்ணீர் வாயிலிருந்து வெளிவருவது செக்கனுக்கு ஏறத்தாழ 29 மீற்றர் வேகத்தில். உள்ளே காற்று விரிய விரிய அமுக்கம் விழுந்து, கடைசித் துளி இருபதுக்குக் கிட்ட நிற்கும். சராசரியாக 24 என்று கொண்டால், அரைக் கிலோ தண்ணீர் கொண்டுபோகும் உந்தம் 12 நியூட்டன் செக்கன். மேலே சொன்ன 'சி' வகை மோட்டாரில் இருக்கும் கருமருந்து பன்னிரண்டு கிராம் அளவுதான், அதன் வாயு செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. பெருக்கிப் பார்த்தால் பத்துக்குச் சற்றுக் குறைய. அதாவது உந்தக் கணக்கில் கருமருந்து மோட்டாருக்குத் தண்ணீர்ப் போத்தல் சளைத்ததல்ல. பிறகு ஏன் ஒன்று 300 மீற்றர் போகிறது, மற்றது முப்பது நாற்பதோடு நிற்கிறது? ஏனென்றால் போத்தல் தன் உந்துபொருளையே முதலில் தூக்க வேண்டும். புறப்படும்போது அதன் திணிவில் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர். போதாததற்கு அதன் உடல் பருமன், காற்று பிடித்து இழுக்கும். வெளியேறும் பொருளின் வேகம் ஏன் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று 1903இல் சியோல்கோவ்ஸ்கி எழுதிய சமன்பாடு சொல்வது இதைத்தான். பெட்டி ரொக்கெட் ஏவுகிற பிள்ளைக்கு அந்தச் சமன்பாடு தேவைப்படுவதே இல்லை, பெட்டியின் மேல் உயரம் அச்சிட்டிருக்கும். போத்தல் ரொக்கெட்டில் தண்ணீரைக் கால் பங்காகக் குறைத்தும் பாதியாகக் கூட்டியும் பார்த்தாலே அது கண்முன் வந்து நிற்கும்.

அத்தோடு முப்பது மீற்றர் என்பது எழுவான்கரைக்கு அளவெடுத்தது போன்ற உயரம். முன் சொன்ன அதே கச்சானில், பரசூட்டோடு செக்கனுக்கு மூன்று மீற்றர் இறங்கினால் பத்து செக்கன். அறுபது மீற்றர் நகர்வு. பாடசாலை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஏவினால் கிழக்கு வேலிக்குள் விழும். சரி, இதிலும் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அமுக்கிய காற்று தீயைப்போல் எரியாது, ஆனால் போத்தல் கிழிந்தால் துண்டு கண்ணில் அடிக்கும். ஆகவேதான் சோடா அடைத்து வந்த போத்தலையே எடுக்க வேண்டும். குடிதண்ணீர் விற்கிற மெல்லிய போத்தல் ஆகாது. கீறலோ மடிப்போ விழுந்ததைக் கழிக்க வேண்டும். ஐயமான போத்தலைக் காற்றால் சோதிக்காமல் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அமுக்கிச் சோதிக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் அமுங்காது, கிழிந்தாலும் சீறாது. இந்த ஒழுங்குகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது, அதை ஆசிரியர் சொல்லிவிடலாம். திரியையும் கருமருந்தையும் பற்றி அவர் சொல்லக்கூடியது தள்ளி நில் என்பது மட்டுமே.

இது விளையாட்டுச் சாமான், உண்மையான ரொக்கெட் அல்ல என்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்லும். 1926 மார்ச் 16ஆம் திகதி மசச்சூசெற்சின் ஓபேர்ன் என்ற இடத்தில், உலகின் முதலாவது திரவ எரிபொருள் ரொக்கெட்டை ரொபேட் கொடாட் ஏவினார். அது ஏறியது பன்னிரண்டரை மீற்றர். பறந்தது இரண்டரை செக்கன். போய் விழுந்தது ஒரு கோவா வயலில். உயரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்தப் பாடசாலைப் போத்தலும் கொடாட்டை வென்றுவிடும். இந்தியாவின் தும்பாவை எடுத்துக்கொண்டால், தேவாலயமும் தென்னையும் வலையுமாக இருந்த ஒரு மீனவ ஊர். 1963 நவம்பர் 21ஆம் திகதி அங்கிருந்து எழுந்தது அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி. இந்தியர்கள் தாங்களே செய்த முதலாவது ரோகிணி ரொக்கெட் பறக்க மேலும் நான்கு ஆண்டு ஆயிற்று, அதன் விட்டம் வெறும் 75 மில்லிமீற்றர். வாங்கி ஏவியதைவிட அந்தச் சின்னக் குழாய்தான் பின்னால் வந்ததற்கெல்லாம் வேர். இலங்கையின் இராவணா-1 செய்மதியும் ஒரு கிலோ அளவுதான். 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அதை வெளியே விட்டார்கள். செய்தவர்கள் இரண்டு இளம் பொறியியலாளர்கள், செய்த இடம் யப்பானின் ஒரு தொழில்நுட்ப நிறுவகம். தமிழ்நாட்டில் 2023 பெப்ரவரி 19ஆம் திகதி செங்கல்பட்டு மாவட்டத்தின் பட்டிபுலத்திலிருந்து, ஆயிரக்கணக்கான பாடசாலை மாணவர் பங்குகொண்ட திட்டமாக 150 மிகச்சிறு செய்மதிகளுடன் ஒரு ரொக்கெட் எழுந்தது. பெருமைப்படத்தக்க நிகழ்ச்சிதான். என்றாலும் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே ஒரு பறப்பு என்பதில் ஒரு குறை இருக்கிறது. முதல் முறை பிழைத்ததை இரண்டாம் முறை திருத்தும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது. ஒரு பிள்ளைக்கு இருபது பறப்பு என்பது போத்தலால் மட்டுமே முடியும்.

இருபது பறப்பில் கற்கக்கூடியதில் மிக வளமானது உறுதிநிலை. ஈர்க்குக் கட்டிய வாணம் ஏன் நேரே போகிறது, ஈர்க்கை ஒடித்துவிட்டால் ஏன் தறிகெட்டுச் சுழல்கிறது என்பது கோயில் திருவிழா பார்த்த எவருக்கும் தெரிந்த காட்சி. காரணம் கேட்டால் பலர் பாரம் என்பார்கள். பாரம் காரணத்தின் பாதி. ரொக்கெட் காற்றில் சற்றுச் சாய்ந்தால் அது தன் புவியீர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பும். காற்று பக்கவாட்டில் தள்ளும் விசையோ இன்னொரு புள்ளியில் திரண்டு நிற்கும். அந்தப் புள்ளி புவியீர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருந்தால் காற்றே சாய்வைத் திருத்திவிடும். முன்னால் இருந்தால் சாய்வைப் பெருக்கும். ஈர்க்கு நீளமாகப் பின்னுக்குப் போய்க் காற்றைப் பிடிப்பதால் அந்தப் புள்ளியை வெகுதூரம் பின்னுக்கு இழுக்கிறது. செட்டைகள் அதே வேலையைக் குறைந்த பாரத்தில் செய்கின்றன. நாசா பொறியியலாளர் ஜேம்ஸ் பாரோமன் 1960களில் மாதிரி ரொக்கெட்காரர்களுக்கென்றே இந்தப் புள்ளியைக் கணிக்கும் எளிய சமன்பாடுகளை வகுத்துக் கொடுத்தார். அவை இல்லாமலும் முடியும். ரொக்கெட்டின் நிழலுருவை மட்டையில் வெட்டி, பென்சில் முனையில் சமன்செய்து பார்த்தால், பாதுகாப்பான பக்கமாகவே ஒரு மதிப்பீடு கிடைக்கும். ரொக்கெட்டைச் சரிபாரம் நிற்கும் இடத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், மூக்கு முன்னே போகிறதா வால் முன்னே போகிறதா என்று அதுவே சொல்லிவிடும். போத்தல் ரொக்கெட்டில் இதற்கு ஒரு சிக்கல் கூடுதல். புறப்படும்போது தண்ணீர் வாலில் கனத்து நிற்பதால் மையம் பின்னுக்கு இருக்கும், உறுதி மிகக் குறைந்த கணமும் அதுதான். தண்ணீர் போனதும் மையம் முன்னுக்கு ஓடிவிடும். மூக்கில் எவ்வளவு களிமண் வைப்பது, செட்டையை எவ்வளவு அகலமாக வெட்டுவது என்ற கேள்விக்கு இரண்டு நிலைக்கும் பொருந்துகிற விடை வேண்டும். சாதாரண தரப் பாடநூலில் நியூட்டனின் மூன்று விதிகளும் இருக்கின்றன. திணிவு மாறிக்கொண்டே போகிற ஒரு பொருளின் முன் அவற்றை நிறுத்திப் பார்க்கும் சந்தர்ப்பம் அதில் அரிது.

அடுத்து வரும் மறுப்பு பெற்றோருடையது: இதற்குப் புள்ளி உண்டா? தரம் ஐந்தில் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம், மாலையில் ரியூசன் என்று ஓடும் வாழ்க்கையில் போத்தலுக்கு எங்கே நேரம்? இந்தக் கேள்வியைப் பேராசை என்று நான் நினைக்கவில்லை. கடலும் வாவியும் வயலும் தராத சம்பளத்தைப் பரீட்சைதான் தரும் என்பது இந்தக் கரையின் அனுபவ உண்மை. ஆனால் மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போகிறவர் வகுப்பில் ஓரிருவர். விஞ்ஞானம் படிக்கிறவர் எல்லோரும். கோணத்தை அளந்து உயரத்தைக் காண்பது அந்த எல்லோருக்கும் உரியது. ஏவும் இடத்திலிருந்து ஐம்பது மீற்றர் தள்ளி நின்று, பாகைமானியில் ஒரு நூலும் கல்லும் தொங்கவிட்டு, உச்சியில் இருக்கும் ரொக்கெட்டைக் குறிபார்த்தால் 35 பாகை வருகிறது என்று வைப்போம். தான்சன் 35 என்பது 0.70, உயரம் 35 மீற்றர். காற்று ரொக்கெட்டைத் தள்ளிவிட்டால் இந்தக் கணக்கு பிழைக்கும், எனவே எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் நின்று அளக்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது? திரிகோணகணிதப் பாடத்தில் எழாத இந்தக் கேள்வி மைதானத்தில் முதல் நாளே எழுந்துவிடும். அளவீட்டில் பிழை என்பது அளந்தவரின் குற்றம் அல்ல, அளவீட்டோடு எப்போதும் ஒட்டி வருவது என்பதை நம் பரீட்சை முறை ஒருபோதும் சொல்லிக் கொடுப்பதில்லை. அங்கே ஒவ்வொரு கணக்குக்கும் ஒரே விடை.

பிளாஸ்டிக்கைச் சொல்லாமல் விட முடியாது. வாவியில் ஏற்கெனவே மிதக்கிற போத்தல்கள் போதாதா என்று ஒருவர் கேட்டால், போதும்தான். இருபது தடவை பறந்த போத்தல் ஒருமுறை குடித்து எறிந்த போத்தலைவிட மேல் என்பது ஓரளவு பதில். முழுப் பதில், அது வாவிக்குள் விழாமல் பார்த்துக்கொள்வது. அதாவது மறுபடியும் இறங்கும் இடம்.

பெட்டி ரொக்கெட்டின் குறை என்று முன்னே சொன்னதற்கு இப்போது வரலாம். அங்கே பரசூட்டை எப்போது விரிப்பது என்ற முடிவு மோட்டாருக்குள் அடைத்து வருகிறது. வாங்குகிறவர் எண்ணைப் பார்த்து வாங்கினால் போதும். போத்தல் ரொக்கெட்டில் அந்த வசதி இல்லை. தண்ணீர் கால் செக்கனுக்குள் தீர்ந்துவிடும், அதன்பின் உச்சிக்குப் போக இரண்டரை செக்கன் அளவு, விழவும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்த ஒடுங்கிய இடைவெளியில் பரசூட்டை வெளியேற்றும் வழியைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். மூக்கை இறுக்காமல் சும்மா மேலே குந்தவைத்தால், ஏறும்போது காற்று அதை அழுத்திப் பிடித்திருக்கும், உச்சியில் பிடி தளர்ந்து கழன்று விழும் என்பது ஒரு வழி. பாதித் தடவை கழலாது. பக்கத்தில் ஒரு மடல் வைத்து, வேகக் காற்றில் மூடியிருந்து வேகம் குறைந்ததும் றப்பர் நாடா இழுத்துத் திறக்கும்படி செய்வது இன்னொன்று. சாவி கொடுத்தால் நடக்கும் விளையாட்டுப் பொம்மையின் பற்சக்கரத்தைக் கழற்றி மணிக்கூடாக்கி, அது சுற்றி முடியும்போது ஊசி கழன்று மூடி திறக்கும்படி செய்வது உலகெங்கும் நீர் ரொக்கெட்காரர்கள் கைக்கொள்ளும் உத்தி. மூன்றிலும் கோளாறுகள் உண்டு, ஒவ்வொரு கோளாறும் வேறுவகை. ஆக, தீயை எடுத்துவிட்டதால் ரொக்கெட் எளிதாகிவிடவில்லை. மோட்டாரோடு சேர்த்து விலைக்கு வந்த கடினமான பகுதி பிள்ளையின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் பாடசாலை மாணவருக்கு நீர் ரொக்கெட் போட்டி நடத்தி, வென்றவர்களை ஆசிய பசுபிக் நாடுகளுக்கிடையே 2005 முதல் நடந்துவரும் போட்டிக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது உயரம் அல்ல. குறித்த புள்ளிக்கு எவருடைய ரொக்கெட் மிக அருகில் விழுகிறது என்பது. என் வாதத்துக்கு இது ஆதரவு. ஆனாலும் மூக்கால் குத்தி நொறுங்கி விழுந்தாலும் அருகில் விழுந்தால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவில் 2003 முதல் நடக்கும் மாணவர் ரொக்கெட் போட்டியில் உள்ளே பச்சை முட்டை வைத்து அனுப்ப வேண்டும், குறித்த உயரத்தைத் தொட வேண்டும், குறித்த நேரத்துக்குள் இறங்க வேண்டும், முட்டை உடையக்கூடாது. உடைந்தால் அந்தப் பறப்பு கணக்கில் இல்லை. தேற்றாத்தீவு அடங்கிய பட்டிருப்புக் கல்வி வலயத்துக்குள் ஒரு போட்டி வைப்பதானால் இரண்டையும் சேர்க்கலாம். ஒரே போத்தல் ஒரே காலையில் மூன்று முறை பறக்க வேண்டும், மைதானத்துக்குள் இறங்க வேண்டும், மூன்றுக்கும் ஒரே முட்டை. இடையில் காற்று மாறி ஏவுகோணத்தை மாற்றினால், எத்தனை பாகை, ஏன் என்று எழுதித் தர வேண்டும், அதற்கும் புள்ளி. உயரத்துக்குப் புள்ளியே வேண்டாம். செலவு என்று பார்த்தால் போத்தல் கடைகளில் சும்மா கிடைக்கும், பம் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கும். முட்டைக் காசைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம்.